பரண் லேப்டாப்பை வகுப்புக்குக் கொண்டுவருவது எப்படி

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். எங்கள் லேப் பீரோவில் பன்னிரண்டு லேப்டாப் இருக்கின்றன. ஒன்றுகூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. எல்லாமே பழைய மாணவர்களின் வீட்டுப் பரணிலிருந்து இறங்கி வந்தவை. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தவை. படிப்பு முடிந்தது, கையில் ஸ்மார்ட்போன் வந்தது, லேப்டாப் பையோடு பரணுக்குப் போனது. எங்கள் ஊர்ப்பக்கம் எந்தத் தெருவில் விசாரித்தாலும் குறைந்தது இரண்டு தேறும்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பாடம் எடுக்கிற சக ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசிரியர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

“ஹைடெக் லேப்தான் இருக்கே, இது எதுக்கு?” என்று எங்கள் தலைமையாசிரியரே கேட்டார். நியாயமான கேள்விதான். ஹைடெக் லேபில் பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் தேடிப் போகிறார்கள். அந்த அறையில் கம்பியின் அதிர்வைப் பார்க்கும் சோனாமீட்டர் கிடையாது, ஊசல் கிடையாது. மதிப்பீட்டுத் தேர்வு, எமிஸ் தளத்தில் பிள்ளைகளின் விவரம் ஏற்றும் வேலை என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருப்பதால் நமக்கு அந்த அறை கிடைப்பதே பெரும்பாடு. லேப்டாப்புக்கு இருக்கிற ஒரே தனிச்சிறப்பு, அதைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது. சோதனை நடக்கும் மேசைக்குப் போகலாம், வேப்பமரத்தடிக்குப் போகலாம், பாட்டி உட்கார்ந்திருக்கும் திண்ணைக்கும் போகலாம். போன இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வேலை வாங்கிவிட்டு மூடி வைத்துவிட வேண்டும். பீரியட் முழுக்கத் திறந்தே இருக்கிற லேப்டாப்பில் பெரும்பாலும் வீடியோதான் ஓடும். வீடியோ காட்டுவதற்கு வேறு வழிகள் இருக்கின்றன.

சும்மா கையில் கொடுத்துவிட்டால் படிப்பு வந்துவிடும் என்பது ஏற்கெனவே பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்ட நம்பிக்கை. பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சின்ன லேப்டாப்புகள் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை வைத்துச் செய்து 2012-ல் வெளியான ஆய்வில், கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மதிப்பெண் ஏறவில்லை என்று தெரிந்தது. கருவி போய்ச் சேர்ந்தது, அதை வைத்து என்ன செய்வது என்பது ஆசிரியரிடம் போய்ச் சேரவில்லை என்றே நான் அதைப் படிக்கும்போது நினைத்தேன்.

சேகரிப்பது

ஆண்டுவிழா சமயத்தில் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டால் போதும். ‘ஓடாவிட்டாலும் பரவாயில்லை’ என்ற வரியை மறக்காமல் சேருங்கள். ஓடாதவற்றிலிருந்துதான் ராம், கீபோர்டு, சார்ஜர் எல்லாம் கிடைக்கும். வாங்குவதற்கு முன்பே தலைமையாசிரியரிடம் சொல்லி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நன்கொடையாகப் பதிந்து, இருப்புப் பதிவேட்டிலும் ஏற்றிவிடுங்கள். நாளைக்கு ஒன்று காணாமல் போனால், பதிவேட்டில் இல்லாத பொருளுக்குத்தான் அதிகமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம். வருகிற லேப்டாப்பில் கொடுத்தவருடைய வாழ்க்கையே இருக்கும். கல்லூரி ரெக்கார்டு, தம்பியின் காதுகுத்து, தன் கல்யாண ஆல்பம். கொடுத்தவரைக் கூப்பிட்டு, “படமெல்லாம் வேணுமாம்மா?” என்று கேட்டு, வேண்டியதை ஒரு பென் டிரைவில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். அப்புறம் டிஸ்க்கை முழுதாக அழித்துவிடுங்கள். பிள்ளைகள் கையில் போகிற பொருளில் அடுத்தவர் படம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

உயிர் கொடுப்பது

எங்களுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். பல மாடல்களில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. பழைய விண்டோஸோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ வடிவத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நிறுவுங்கள். ஒரே மாதிரி என்பது முக்கியம். “மிஸ், எனக்கு அந்த பட்டன் வரல” என்று பன்னிரண்டு மூலையிலிருந்தும் குரல் வந்தால் பாடம் அங்கேயே முடிந்தது.

காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் எஸ்எஸ்டி, அடுத்து ராம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி போட்டாலே, ஆன் செய்துவிட்டு டீ குடித்து வரும் நேரம் மிச்சமாகும். ராம் வாங்கும்போது பழைய துண்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர்3 என்றும் டிடிஆர்3எல் என்றும் இரண்டு உண்டு. பின்னது குறைந்த வோல்டேஜில் ஓடுவது. சில மாடல்களுக்கு அதுதான் வேண்டும், மற்றதைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். சென்னை ரிச்சி தெருவில் பழைய ராம் கிடைக்கிறது. நம் ஊர்க் கடையிலும் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.

பரணிலிருந்து வந்த லேப்டாப்பில் அடிக்கடி வரும் இன்னொரு வியாதி, தேதி. ஆன் செய்தால் 2010 என்றோ 2012 என்றோ காட்டும். மதர்போர்டில் இருக்கிற பொத்தான் பேட்டரி செத்துப்போனதன் அறிகுறி. தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பில்லை’ என்று முரண்டு பிடிக்கும். நாம் நெட்டைத் திட்டிக்கொண்டிருப்போம். சிஆர்2032 பேட்டரி பெட்டிக்கடை விலைதான். சில மாடல்களில் ஒயரோடு சேர்த்து ஒட்டியிருக்கும், அதை மட்டும் கடைக்காரரிடம் விடுங்கள்.

நிறுவ வேண்டியவை அதிகமில்லை. லிப்ரே ஆபீஸ், கணக்குப் பாடத்துக்கு ஜியோஜீப்ரா, ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி, நெட் இல்லாமல் விக்கிப்பீடியா படிக்க கிவிக்ஸ், ஒரு பிரவுசர். விளையாட்டு எதுவும் வேண்டாம். மாணவருக்கென்று தனி லாகின் போட்டு, அதில் எதையும் நிறுவவோ நீக்கவோ முடியாதபடி செய்துவிடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு நமக்கும் இன்னொரு ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

சார்ஜ்

பேட்டரி பாதிக்கு மேல் செத்திருக்கும். அதற்காக லேப்டாப்பை ஒதுக்க வேண்டாம், அதை சுவர் பிளக்கோடு கட்டிப்போட்ட லேப்டாப்பாக எண்ணிக்கொள்ளுங்கள். நன்றாக நிற்கிற பேட்டரி உள்ளவற்றின் மூடியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். மரத்தடிக்கும் வீட்டுக்கும் போவது பச்சை மட்டும்.

ஒரு சார்ஜர் 65 வாட் என்று வைத்தால் பன்னிரண்டுக்கு 780 வாட். சாதாரண 6 ஆம்பியர் பிளக் 1,380 வாட் வரை தாங்கும் என்பது பத்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒயர் அந்தக் கணக்கைப் படித்திருக்காது. இரண்டு பிளக்கில் பிரித்துப் போடுங்கள், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி சார்ஜ் போடாதீர்கள், பூட்டிய பீரோவுக்குள் வைத்தும் போடாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி சார்ஜர் பின் வேறு. லேப்டாப்புக்கும் அதன் சார்ஜருக்கும் ஒரே எண்ணை பெயின்டில் எழுதிவிட்டால் காலையில் பத்து நிமிடம் மிச்சம்.

பேட்டரி இல்லாதவற்றில் கரண்ட் போனால் செய்த வேலையும் போகும். லிப்ரே ஆபீஸ் செட்டிங்கில் தானாகச் சேமிக்கும் இடைவெளியை இரண்டு நிமிடமாக வைத்துவிடுங்கள்.

பீரியட் நேரத்தில் ஆன் செய்ய வேண்டாம். காலை வழிபாட்டுக்கு முன்பே இரண்டு பிள்ளைகள் வந்து எல்லாவற்றையும் ஆன் செய்து, தேவையான கோப்பைத் திறந்து, ஸ்லீப்பில் போட்டு மூடி வைத்துவிட வேண்டும். பீரியடில் மூடியைத் திறந்ததும் வேலை ஆரம்பிக்கும். எங்களிடம் இந்த இரண்டு பேர் வாரா வாரம் மாறுவார்கள். அதற்கு இருக்கிற போட்டியைப் பார்த்தால் மந்திரி பதவி மாதிரி இருக்கும்.

ஒரு லேப்டாப்புக்கு மூன்று பேர்

நாலு பேர் என்றால் ஒருவர் ஜன்னலைப் பார்ப்பார். இரண்டு பேர் என்றால் நம்மிடம் அத்தனை லேப்டாப் இல்லை. மூன்று சரியாக வருகிறது. முப்பத்தாறுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி சோதனையின் கையால் செய்கிற பகுதியையும் மறு பாதி லேப்டாப் பகுதியையும் செய்யட்டும். பாதி பீரியடில் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

மூவரில் ஒருவர் கீபோர்டு, ஒருவர் நோட்டு, ஒருவர் கருவி. இதில் ஒரே ஒரு சட்டம்: கீபோர்டுக்காரர் தானாக எதையும் தட்டக் கூடாது, நோட்டுக்காரர் சொன்னதைத்தான் தட்ட வேண்டும். இந்தச் சட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கலப்பு வகுப்பு எடுக்கிறவர்களுக்குத் தெரியும். வீட்டில் செல்போன் புழங்குகிற பையன் கீபோர்டைப் பிடித்துக்கொள்வான், பக்கத்தில் இருக்கிற பெண் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். “மிஸ், இவன் விடவே மாட்டேங்கிறான்” என்று புகார் வரும், நாம் போய்ப் பிடுங்கிக் கொடுப்போம், திரும்பினால் மறுபடியும் அவன் கையில். அதிகாரத்தை நோட்டுக்கு மாற்றினால் இந்தச் சண்டையே குறைந்துவிடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கை தட்டினால் மூவரும் இடம் மாற வேண்டும்.

நோட்டில் எழுதாமல் மூடியைத் திறக்கக் கூடாது என்பதும் வழக்கம். என்ன வரும் என்று முதலில் ஊகித்து எழுத வேண்டும். அப்புறம்தான் திரை.

மூன்று பாடங்கள்

பதினொன்றாம் வகுப்பு செய்முறையில் தனி ஊசல் இருக்கிறது. நூலின் நீளத்தை மாற்றி மாற்றி இருபது அலைவுக்கான நேரம் எடுக்கிறோம், நீளத்தை அலைவுக்காலத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம், சராசரி எடுக்கிறோம், புவியீர்ப்பு முடுக்கம் வருகிறது. எல்லோருக்கும் 9.8-க்குப் பக்கத்தில் வந்துவிடும், ஏனென்றால் வர வேண்டிய விடை எல்லோருக்கும் தெரியும். சராசரி, தப்பை உள்ளே போட்டு மூடிவிடும்.

ஊசல் ஆடுகிற மேசையிலேயே லேப்டாப்பை வைத்து, எடுக்க எடுக்க லிப்ரே ஆபீஸின் அட்டவணைச் செயலியான கால்க்கில் ஏற்றச் சொல்லுங்கள். நீளங்கள் 50, 60, 80, 90, 110 செ.மீ. என்று சமமில்லாமல் இருக்கட்டும், காரணம் பிறகு சொல்கிறேன். அலைவுக்காலத்தின் வர்க்கம் முறையே 2.01, 2.42, 3.22, 3.63, 4.43 என்ற அளவில் வர வேண்டும். ஒரு குழுவுக்கு 80 செ.மீ.-க்கு 2.91 வந்தது. அட்டவணையில் அதை யாரும் கவனிக்கவில்லை, ஏறுவரிசையில்தானே இருக்கிறது. வரைபடம் போட்டதும் நாலு புள்ளி ஒரே கோட்டில் நிற்க, ஐந்தாவது கீழே தொங்கியது. “இது மட்டும் ஏன் மிஸ் கீழ இருக்கு?” என்று கேட்டவள் அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. நான் பதில் சொல்லவில்லை. ஊசல் இன்னும் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, “திரும்ப எடுத்துப் பாருங்க” என்றேன். முதலில் 34.1 நொடி என்று எழுதியிருந்தார்கள், இப்போது 35.9 வந்தது. பத்தொன்பது அலைவை எண்ணிவிட்டு இருபதால் வகுத்திருக்கிறார்கள். ஊசலை விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால் இப்படித்தான் ஆகும். ‘பூஜ்யம்’ என்று சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று அந்தக் குழுவே மற்றவர்களுக்குப் போய்ச் சொன்னது. இந்த வேலை ஹைடெக் லேபில் மறுநாள் நடந்திருந்தால், தொங்கிய புள்ளியைத் திருத்த ஊசல் பக்கத்தில் இருந்திருக்காது. எண்ணைத் திருத்தியிருப்பார்கள்.

கால்க்கில் ஒரு பொறி இருக்கிறது. வரைபட வகையில் ‘லைன்’ என்று ஒன்றும் ‘எக்ஸ்ஒய் ஸ்கேட்டர்’ என்று ஒன்றும் உண்டு. பிள்ளைகள் கை தானாக ‘லைன்’ பக்கம் போகும், கோடுதானே வேண்டும் என்று. அது நீளங்களை எண்களாகப் பார்க்காது, வெறும் பெயர்களாக எடுத்துச் சம இடைவெளியில் வைத்துவிடும். நீளங்களைச் சமமில்லாமல் கொடுக்கச் சொன்னது இதற்காகத்தான். 60, 70, 80 என்று கொடுத்தால் எந்த வகை போட்டாலும் நேர்கோடு வந்து தப்பு தெரியாமலே போகும். சமமில்லாதபோது ‘லைன்’ வளைந்து காட்டிக் கொடுத்துவிடும். முதல் தடவை வரைபடத்தாளில் பென்சிலால் வரைந்த பிறகே கால்க்கைத் திறக்க விடுங்கள். தேர்வில் லேப்டாப் வராது.

அடுத்தது சோனாமீட்டர். அதுவும் பதினொன்றாம் வகுப்புதான். இசைக்கவையைத் தட்டிப் பெட்டியில் வைத்து, கம்பியின் மேலுள்ள காகிதத் துண்டு துள்ளி விழுகிற நீளத்தைக் கண்டுபிடிக்கிறோம். அதை முடித்த கையோடு ஆடாசிட்டியைத் திறந்து, லேப்டாப்பின் மைக் ஓட்டையைப் பெட்டியின் ஓட்டைக்கு நேராக வைத்து, கம்பியை நடுவில் மீட்டிப் பதிவு செய்யுங்கள். நடுவில் மீட்டுவது முக்கியம். ஓரத்தில் மீட்டினால் மேற்சுரங்கள் ஓங்கிவிடும், 256 ஹெர்ட்ஸை எதிர்பார்த்த இடத்தில் அதன் இரு மடங்கான 512 உயர்ந்து நிற்கும். அப்படி நின்றாலும் நல்லதுதான், மேற்சுரம் என்று பாடத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்கிறார்கள்.

பதிவில் ஒரு நொடியைத் தேர்ந்தெடுத்து ‘பிளாட் ஸ்பெக்ட்ரம்’ கொடுத்தால் எந்த அதிர்வெண்ணில் உச்சி என்று காட்டும். அங்கே ‘சைஸ்’ என்ற கட்டத்தில் 1024 போல் சிறிய எண் இருந்தால் 43 ஹெர்ட்ஸுக்கு ஒரு படிதான் தெரியும், விடை கரடுமுரடாக வரும். 16384 என்று மாற்றினால் படி 2.7 ஹெர்ட்ஸாகச் சுருங்கும். இது புரியாத வகுப்புக்கு இன்னும் எளிய வழி உண்டு. இசைக்கவையை மட்டும் பதிவு செய்து, அலை தெரிகிற வரை பெரிதாக்கி, பத்து அலையை விரலால் எண்ணி, அதற்கான நேரத்தைக் கீழே படிக்க வேண்டும். 512 ஹெர்ட்ஸ் கவைக்கு 19.5 மில்லி நொடி வரும், 256-க்கு அதைப் போல் இரு மடங்கு. கவையின் மேல் பொறித்திருக்கிற எண்ணை இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் ரெக்கார்டில் எழுதி வந்தார்கள். அதைத் தானே அளந்து பார்த்தவனின் முகம் வேறு மாதிரி இருக்கிறது. மின்விசிறியை அணைக்க மறக்காதீர்கள்.

மூன்றாவது, பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) பாவனைகளில், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளில், மின்சுற்று ஒன்று இருக்கிறது. பாவனைகளைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமல் ஓடும், சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. இரண்டு பல்பை தொடராக இணைத்தால் எது அதிகம் எரியும் என்று நோட்டில் ஊகித்து எழுதச் சொல்லுங்கள். பாதி வகுப்பு, “முதல் பல்பு நல்லா எரியும், ரெண்டாவதுக்கு மிச்சம்தான் போகும்” என்று எழுதும். நாம் பலகையில் எத்தனை தடவை சொன்னாலும் இந்த எண்ணம் அசையாது. பாவனையில் முதல் பல்புக்கு முன்னும், இரண்டுக்கும் நடுவிலும், கடைசியிலும் அம்மீட்டரை வைத்துப் பார்க்கட்டும். மூன்றும் ஒரே எண்.

இதோடு விட்டால் “கம்ப்யூட்டர்ல அப்படித்தான் போட்டு வச்சிருப்பாங்க” என்பார்கள். சந்தேகம் நல்ல சந்தேகம். உடனே பக்கத்திலேயே இரண்டு டார்ச் பல்பையும் செல்லையும் கொடுங்கள். நிஜத்தில் ஒரு பல்பு கொஞ்சம் மங்கலாகவே எரியும், ஏனென்றால் கடையில் வாங்கிய இரண்டு பல்பு அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. “பாத்தீங்களா மிஸ்!” என்று ஒரு கூட்டம் கிளம்பும். இடத்தை மாற்றிப் போடச் சொல்லுங்கள். மங்கல் பல்பு எந்த இடத்துக்குப் போனாலும் மங்கலாகவே இருக்கும். இடத்தால் வந்ததில்லை, பல்பால் வந்தது என்று அவர்களே முடிவுக்கு வருவார்கள். பாவனையும் நிஜமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் இது நடக்கும்.

உயிரியல், வேதியியல் ஆசிரியர்கள் தங்கள் பாடத்தில் இப்படி ஓர் இடத்தைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். எங்கே பிள்ளைகள் வழக்கமாகத் தப்பாக நினைக்கிறார்களோ, அங்கே லேப்டாப்பைத் திறவுங்கள். வருஷத்துக்கு ஆறேழு இடம் தேறினால் போதும். தினமும் திறக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

தமிழ் டைப்பிங்

எங்கள் தமிழாசிரியை என் பீரோவை அதிகம் கடன் கேட்கிறவர். ஒன்பதாம் வகுப்பில் ஆளுக்கு ஒரு பெரியவரைப் பேட்டி எடுக்க வைக்கிறார். பழைய நெல் ரகம், பஞ்ச காலம், படகில் போன கல்யாணம், எதுவானாலும் சரி. பச்சை ஸ்டிக்கர் லேப்டாப் வெள்ளிக்கிழமை மூன்று பேரோடு வீட்டுக்குப் போகும், திங்கட்கிழமை திரும்பும். பெற்றோர் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். மழை மாதங்களில் மட்டும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊர்ச் சாலையில் லேப்டாப்பை நம்பிக் கொடுக்க முடியாது.

பேட்டியை ஆடாசிட்டியில் பதிந்துவிட்டு, வகுப்பில் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்கிறார்கள். இதில்தான் தமிழ்99 வேலைக்கு வருகிறது. 1999-ல் சென்னை மாநாட்டில் முடிவான விசைப்பலகை அது. பிள்ளைகள் செல்போனில் ஆங்கில எழுத்தில் அடித்தே பழகியவர்கள், முதலில் முனகுவார்கள். ‘அக்கா’ என்று அடிக்க அ, க, க, ஆ என்று நான்கு விசை போதும், புள்ளி தானாக விழும். ‘தம்பி’க்கு த, ம, ப, இ. அதே தம்பியை ஆங்கில எழுத்தில் அடிக்க ஆறு விசை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் முனகல் அடங்கிவிடும். லினக்ஸில் தட்டச்சுக்கான ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவி மொழிப் பட்டியலில் தமிழ்99 என்பதைத் தேர்ந்தெடுத்தால் புள்ளி தானாக விழுகிற வடிவம் கிடைக்கும். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சுச் செயலி இருக்கிறது.

எங்கள் தமிழாசிரியை வைத்திருக்கும் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும்: பெரியவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுத வேண்டும், பாடப்புத்தகத் தமிழாகத் திருத்தக் கூடாது. ‘நடவாளு’ என்று சொன்னால் ‘நடவாளு’தான். ஒரு வரிக்காக ஐந்து தடவை பின்னால் ஓட்டிக் கேட்கிறார்கள். தன் பாட்டியின் பேச்சை அத்தனை கவனமாக அந்தப் பிள்ளை வீட்டில் கேட்டிருக்காது.

நெட் இல்லாமல்

எங்கள் ஆய்வகத்தில் நெட் கிடையாது. அது குறையாக இருந்ததில்லை. முப்பத்தாறு பிள்ளைகள் கையில் திறந்த இணையத்தைக் கொடுத்துவிட்டு நடுவில் நின்று மேய்ப்பதைவிட இது நிம்மதி. கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி வைக்கலாம். ஒரு லேப்டாப்பில் ஏற்றி, அதிலேயே கிவிக்ஸின் ‘லோக்கல் சர்வர்’ என்பதைத் தட்டி, வீட்டில் சும்மா கிடக்கிற பழைய வைஃபை ரூட்டர் ஒன்றை வெறுமனே கரண்டில் போட்டால், மற்ற லேப்டாப்புகள் அதன் வழியாகப் பிரவுசரில் படிக்கலாம். ரூட்டருக்கு நெட் இணைப்பே தேவையில்லை.

2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் குறியீடுகள் இருக்கின்றன. அவற்றை வகுப்பில் லேப்டாப்பை வைத்து ஸ்கேன் செய்ய முயன்று நேரத்தைக் கொல்லாதீர்கள். முந்தைய நாள் வீட்டில் செல்போனில் பார்த்து, எது தேறும் என்று முடிவு செய்து, அதை மட்டும் இறக்கிக்கொண்டு வாருங்கள். எல்லாம் தேறாது.

பென் டிரைவ் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பிள்ளைகள் கொண்டுவருகிற எதையும் செருக விடாதீர்கள். லேபுக்கென்று இரண்டு வைத்து, ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் எல்லாக் குழுக்களின் கோப்பையும் அதில் எடுத்து, வகுப்பு பெயரில் ஃபோல்டர் போட்டுவிடுங்கள். அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு இந்த வருஷத்தின் தொங்கிய புள்ளியைக் காட்டலாம்.

மதிப்பெண்

திரையில் வந்ததற்கு மதிப்பெண் போடுவதில்லை. நோட்டில் ஊகம் ஒரு பக்கம், வந்தது மறுபக்கம், இரண்டும் வேறுபட்டால் ஏன் என்று மூன்று வரி. அந்த மூன்று வரிக்குத்தான் நான் மதிப்பெண் போடுகிறேன். ஊகம் தப்பாக இருந்தால் குறைப்பதில்லை. குறைத்தால் எல்லோரும் விடை வந்த பிறகே ஊகத்தை எழுதுவார்கள்.

கோடை விடுமுறை

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு முடிந்ததும் எங்கள் லேப்டாப்புகளுக்கு வேலை இருக்காது. அறைகளும் தேர்வு மையமாகிவிடும். பூட்டுவதற்கு முன் பேட்டரி உள்ளவற்றை ஐம்பது சதவீதச் சார்ஜில் நிறுத்திவிட்டு முழுதாக அணையுங்கள், ஸ்லீப்பில் விடாதீர்கள். நூறு சதவீதத்தோடு மே மாத வெயிலில் பூட்டிக் கிடந்தால் பேட்டரியின் ஆயுள் குறையும், பூஜ்யத்தில் கிடந்தால் ஜூனில் எழுந்திருக்கவே செய்யாது. பீரோவின் அடித்தட்டு வேண்டாம், எங்கள் பள்ளியில் கறையான் அங்கிருந்துதான் ஏறும். கீபோர்டில் தாள் வைத்து மூடுங்கள், சார்ஜர்களைத் தனிப் பையில் போடுங்கள். சாவி ஒன்று தலைமையாசிரியரிடம், ஒன்று ஆய்வக உதவியாளரிடம் இருக்கட்டும். மே நடுவில் அவர் அட்மிஷன் வேலைக்கு வரும்போது ஒரு தடவை எடுத்து மறுபடி பாதிவரை சார்ஜ் போடச் சொல்லிவிட்டுப் போனால், பள்ளி திறந்ததும் முதல் வாரத்திலேயே பிள்ளைகள் கையில் கொடுத்துவிடலாம்.